சம்மணம் போட்ட ஆய்வாளர்

சத்தியமாகச் சொல்கிறேன், கீழே உள்ளதில் ஒரு சொல்கூடப் பொய் கிடையாது. கூட்டிச் சொல்கிற பழக்கம் எங்கள் பரம்பரையிலேயே இல்லை. என் தாத்தா நூற்றுப் பத்து வயது வரை வாழ்ந்தார்; யாரிடமும் நூறுக்கு மேல் சொன்னதில்லை.

ஓட்டுநர் தேர்வில் நான் மூன்று முறை தோற்றவன். மூன்றும் அவர்கள் தவறு. முதல் முறை வண்டியை அழகாக எடுத்தேன். ஆய்வாளர் இன்னும் ஏறவில்லை என்பது ஒன்றுதான் குறை. இரண்டாம் முறை இடது பக்கம் திரும்பச் சொன்னார், திரும்பினேன். போதும் என்று சொல்லவில்லையே. ஏழாவது சுற்றில் அவருக்கு மயக்கம் வந்தது. மூன்றாம் முறை, குறுக்கே வருபவருக்கு வழி விட வேண்டும் என்ற விதிப்படி சந்திப்பில் வழி விட்டேன். விட்டுக்கொண்டே இருந்தேன். அலுவலகத்தைப் பூட்டிவிட்டார்கள்.

நான்காம் தேர்வுக்கு ஒரு வாரம் இருக்கையில் என் மகன் கார் சாவியை எடுத்துத் தன் சட்டைப் பையில் போட்டுக்கொண்டான்.

“அப்பா, உங்களுக்கு அறுபத்தெட்டு வயசு. வியாழக்கிழமை பாஸ் பண்ணலைன்னா, வெள்ளிக்கிழமை பல் டாக்டர் வந்து காரை விலைக்கு எடுத்துட்டுப் போயிடுவார். பேசி முடிச்சாச்சு.”

“யாரு பேசினது?”

“நான்தான்.”

“யாரோட கார்?”

“உங்களோடதுதான். ரெண்டு வருஷமா துடைச்சுக்கிட்டுதானே இருக்கீங்க.”

“பல்லைப் பிடுங்கறவருக்கு என் காரையும் பிடுங்கிக் கொடுக்கறியா? வரட்டும். அவரை அதே கார்ல ஏத்தி அவர் வீட்டு வாசல்ல இறக்கிட்டு வர்றேன்.”

அன்றே கூடத்தில் பயிற்சி தொடங்கியது. நாலு நாற்காலி போட்டால் கார். குக்கர் மூடி ஸ்டியரிங். குடை கியர். குளியலறைச் செருப்பு மூன்று, கிளட்ச், பிரேக், ஆக்ஸிலரேட்டர். பக்கத்து நாற்காலியில் ஆய்வாளராக என் மனைவி. அவள் மடியில் நோட்டு, காதில் பென்சில்.

“ஏங்க, கண்ணாடி பார்த்தீங்களா?”

“பார்த்தேன்.”

“கண்ணு மட்டும் போனா எப்படி? தலை திரும்பணும். அவங்க ரோட்டையா பார்க்கறாங்க, உங்க தலையைத்தானே பார்க்கறாங்க.”

தலையைத் திருப்பினேன். ஒரு நாளைக்கு ஆயிரத்து இருநூறு முறை. கழுத்து அப்படிப் பழகிவிட்டது. குளியலறைக்குள் நுழையுமுன் இரு பக்கமும் பார்த்தேன், தும்முவதற்கு முன் பின்பக்கம் பார்த்தேன். முடிதிருத்துபவர் கத்தரியைக் கீழே வைத்துவிட்டார். “அண்ணே, டெஸ்ட் முடிஞ்சு வாங்க. காதுக்கு நான் பொறுப்பில்லை.”

செவ்வாய்க்கிழமை என் மனைவி பென்சிலைக் காதிலிருந்து எடுத்தாள்.

“ஒரு மணி நேரமா பார்க்கறேன். உங்க காலு நடுச் செருப்பு மேல ஒரு தடவைகூடப் போகலையே. பிரேக்கே பிடிக்க மாட்டீங்களா?”

“தினமும் கிளாஸ்ல பிடிக்கறேனே. வெண்ணெய் மாதிரி நிக்கும்.”

சொன்ன பிறகு எனக்கே ஏதோ உறுத்தியது. பயிற்சிப் பள்ளிக்கு நடந்தேன். அங்கே எனக்குக் கற்றுக்கொடுத்தவரைப் பிரேக் மாஸ்டர் என்பார்கள். பயிற்சிக் காரில் கற்றுக்கொடுப்பவர் பக்கமும் ஒரு பிரேக் இருக்கும். அவர் கால் அதைவிட்டு இறங்கியதே இல்லை. வீட்டில் சாப்பிடும்போதும் வலது கால் தரையை அழுத்தியபடியே இருக்கும் என்று கேள்வி.

“மாஸ்டர், உண்மையைச் சொல்லுங்க. இதுவரைக்கும் பிரேக் பிடிச்சது யாரு?”

அவர் தன் செருப்பைப் பார்த்தார். “சார், ஆறு மாசமா நான்தான். நல்லா நிறுத்தறேன்னு நீங்க அவ்வளவு சந்தோஷப்பட்டீங்க. சொல்ல மனசு வரலை.”

ஆறு மாதம். இரண்டு பேர் சேர்ந்து ஓட்டிய காரை நான் ஒருவனே ஓட்டியதாக நினைத்துக்கொண்டிருந்திருக்கிறேன். வேறொருவனாக இருந்தால் அங்கேயே உட்கார்ந்து அழுதிருப்பான்.

“வண்டியில ஏறுங்க. காலைத் தூக்கி சீட்டு மேல வச்சு சம்மணம் போடுங்க.”

“சார், எனக்கு ரெண்டு பிள்ளைங்க.”

“எனக்கு ஒண்ணுதான், அது என் காரை விக்குது. சம்மணம் போடுங்க.”

போட்டார். முதல் பிரேக்கில் அவர் சட்டைப் பையிலிருந்த பேனா பாய்ந்து போய் முன்கண்ணாடியில் அவருடைய முழுக் கையெழுத்தையும் போட்டது. ஐம்பதாவது பிரேக்கில் பேனா அசையவில்லை. புதன்கிழமை மாலை, அவர் சம்மணம் போட்டபடியே தூங்கிவிட்டார்.

வியாழக்கிழமை. ஆய்வாளருக்குச் சிவப்பு மை என்று பெயர்; வேறு மையில் அவர் எழுதி யாரும் பார்த்ததில்லை. பயிற்சிப் பள்ளிக் காரில் ஏறி உட்கார்ந்ததும் அவர் காலும் தன் பக்கத்துப் பிரேக்கைத் தேடியது. அவர் அதைத் தொட்டால் நான் தோற்றேன், அதுதான் விதி.

“ஐயா, காலைத் தூக்கி சம்மணம் போட்டுக்கிறீங்களா?”

“எதுக்கு?”

“ஓட்டினது யாருன்னு அப்புறம் சண்டை வரக் கூடாது பாருங்க.”

அவர் என்னைப் பார்த்தார். நானும் பார்த்தேன், தலையைத் திருப்பித்தான். சர்வீஸில் முதல் முறையாகச் சிவப்பு மை சம்மணம் போட்டார்.

பின்னால் எடுத்து இரண்டு கம்புகளுக்கு நடுவே நிறுத்தினேன். இரண்டு பக்கமும் விட்ட இடத்தில் ஒரு மயிரிழைகூட வித்தியாசம் இல்லை. கடைசியில் மேடு. அதன் உச்சியில்தான் அலுவலகம். பாதி மேடு ஏறியிருப்பேன், வாசலிலிருந்து ஒரு சுழல் நாற்காலி உருண்டு வந்தது. அதில் குமாஸ்தா. ஒரு கையில் கோப்பு, மறு கையில் முத்திரைக் கட்டை. ஜன்னலை எட்டிச் சாத்தப் போய்த் தன்னையே தள்ளிக்கொண்டாராம். நேராக எங்களை நோக்கி வந்தார். முகத்தில் எந்தப் பதற்றமும் இல்லை, அரசு ஊழியர்.

பக்கத்தில் சிவப்பு மை காலை இறக்கப் பார்த்தார். அதற்குள் கால் மரத்துப்போயிருந்தது.

நான் பிடித்தேன். என் காலால், என் பிரேக்கை. வண்டி நின்றது, ஒரு நெல்மணி அளவுகூடப் பின்னால் வழுக்கவில்லை. குமாஸ்தாவின் முழங்காலுக்கும் பம்பருக்கும் நடுவே ஒரு தபால்தலை நுழையும், உறையோடு நுழையாது. வந்த வேகத்தில் முத்திரைக் கட்டை மட்டும் பானெட்டில் இறங்கி, ‘தகுதி’ என்று பதிந்தது.

“அவசரப்பட்டுட்டேனா?” என்று குமாஸ்தா ஆய்வாளரைக் கேட்டார்.

“இல்லை. சரியாத்தான் இருக்கு” என்றார் சிவப்பு மை. அவரை நானும் குமாஸ்தாவும் சம்மணம் கலையாமல் அப்படியே தூக்கிக்கொண்டுபோய் மேசையில் வைத்தோம். அங்கிருந்தே கையெழுத்துப் போட்டார்.

வீட்டுக்கு வந்து மகன் முன்னால் கையை நீட்டினேன்.

“சாவி.”

“அப்பா, டாக்டர்கிட்ட நான் என்ன சொல்றது?”

“நடந்து போறது ஈறுக்கு நல்லதுன்னு சொல்லு.”

சாவியைக் கொடுத்தான். கார் இன்றும் எங்கள் வாசலில்தான் நிற்கிறது. எங்கள் வீட்டில் ஓட்டுநர் உரிமம் வைத்திருப்பவர் ஒரே ஒருவர், என் மனைவி; என்னுடையதைத்தான், பீரோவில் பூட்டி.