ஆரஞ்சு அறையில் ஒரு தலையசைப்பு

ஆரஞ்சுத் தோல் வாசனை வீசும் அறையில் உட்கார்ந்தவர்கள் பிறர் தவறைச் சீக்கிரம் மன்னிக்கிறார்கள் என்று பதினோரு வருடங்களுக்கு முன் நிரூபித்தவள் உளவியல் ஆய்வாளர் பௌக்யே. லேவார்டன் நகரின் கால்வாயோரப் பல்கலைக்கழகத்தில் அவளுக்குப் பேராசிரியர் பதவி வந்ததே அந்த ஆரஞ்சால்தான்.

இப்போது ஒன்பது ஊர் ஆய்வகங்கள் அதே சோதனையைத் திரும்பச் செய்யப்போகின்றன. முதலில் செய்தவள் என்ற முறையில் அவள் செய்முறையைப் படித்துக் கையெழுத்திட வேண்டும். படிவத்தின் கடைசிக் கேள்விதான் வில்லங்கம்: ‘அதே முடிவு வராமல் போனால் என்ன காரணம் சொல்வீர்கள்? இப்போதே எழுதவும். பிறகு சொல்வது ஏற்கப்படாது.’ உயிரோடு இருக்கும்போதே தன் இரங்கல் குறிப்பை எழுதித் தரச் சொன்ன மாதிரி இருந்தது.

சரிபார்க்கலாமே என்று சோதனையின் பழைய வீடியோவைப் போட்டாள். கண்ணராவியான முடிவெட்டோடு அவளேதான் சோதனை நடத்திக்கொண்டிருந்தாள். ஆரஞ்சு அறையில், எதிரே இருப்பவரின் பேனா ‘மன்னிக்கிறேன்’ கட்டத்தை நெருங்கும்போதெல்லாம் அவள் தலை மெல்ல ஆடியது. பூம்பூம் மாடு தோற்றது. வாசனையில்லாத அறையில் அதே தலை கல்லாக இருந்தது. மூன்று முறை பார்த்தாள். மூன்று முறையும் ஆடியது.

தொலைபேசி அடித்தது. ஒன்பது ஊர்களையும் ஒருங்கிணைக்கும் டியாலிங்.

“என்ன தாயே, கையெழுத்து இன்னும் வரல? ஒம்பது ஊர்லயும் ஆரஞ்சு அழுகிட்டு இருக்கு!”

“கடைசிக் கேள்வியக் காலியா விட்டா?”

“விடேன். தோத்தா அப்புறம் வாயத் தொறக்க முடியாது, அவ்வளவுதான்.”

தலையாட்டாத அந்த ஊர்களில் ஆரஞ்சு தோற்கும். காலியாக விட்டால், ஏனென்று அவளுக்கு மட்டும் தெரியும். மற்ற அப்பாவிகள், பழம் சரியில்லையோ, ஜன்னல் திறந்திருந்ததோ என்று வருடக்கணக்கில் மண்டையை உடைத்துக்கொள்வார்கள்.

‘ஆரஞ்சு அறையில் மட்டும் நான் தலையாட்டினேன்’ என்று தட்டி அனுப்பினாள். படிவம் பூட்டிக்கொண்டது. இனி அவளாலும் திறக்க முடியாது.

மறுமுனையில் டியாலிங்கின் திரையில் அது வந்து விழுந்தது.

“பௌக்யே, இது எல்லாருக்கும் போகும்.”

“தெரியும். தலைய மட்டும் தனியா பார்சல் பண்ணவா, சோதிக்க?”

சொந்த ஜோக்குக்கே சிரிக்கும் டியாலிங் சிரிக்கவில்லை.

“பாதி ஆய்வகத்துல தலையாட்டச் சொல்றேன், மீதியில வேணாம். எதனால வந்துச்சுன்னு தெரிஞ்சிடும்.”

“சரி.”

“ஒன்னு கேக்கணும். அதே மாதிரி நீயே எதுத்தாப்புல உக்காந்து, வேற எத்தன சோதனை செஞ்சிருக்க?”

பௌக்யே விரல்விட்டு எண்ணினாள். இரண்டு கைகளும் போதவில்லை.