மூன்றாவது படம்

கட்டட சைட்டில் பாதுகாப்புப் பெல்ட்டுகள் மொத்தம் ஒன்பது. சாரத்தில் ஏறி வேலை செய்கிறவர்கள் இருபத்தேழு பேர். இந்தக் கணக்கை எப்படி ஒப்பேற்றுகிறார்கள் என்பது ஸ்டூடியோக்காரருக்கு முதல் நாள் காலை எட்டு மணிக்கே தெரிந்துவிட்டது. முதல் ஒன்பது பேர் தண்ணீர்த் தொட்டிக்கு முன்னால் வரிசையாக நின்று பெல்ட்டை மாட்டிக்கொண்டார்கள். சூப்பர்வைசர் தன் போனில் ஒரு படம் எடுத்தார். உடனே அவர்கள் கழற்றி, தயாராக நின்ற அடுத்த ஒன்பது பேரிடம் கொடுத்தார்கள். இன்னொரு படம். மறுபடியும் கழற்றல், மாட்டல், மூன்றாவது படம். மூன்றும் எட்டரைக்குள் தலைமை அலுவலகத்துக்குப் போயாக வேண்டும். போனதும் ஒன்பது பெல்ட்டும் சிமெண்டு அறையில் இருந்த இரும்புப் பெட்டிக்குள் போயின. பெட்டியைப் பூட்டிச் சாவியைச் சூப்பர்வைசர் பாக்கெட்டில் போட்டுக்கொண்டார். இருபத்தேழு பேரும் வெறும் இடுப்போடு மேலே ஏறினார்கள்.

"அப்ப பெல்ட்டு?" என்று வாயைத் திறந்து கேட்டுவிட்டார் ஸ்டூடியோக்காரர். பக்கத்தில் இருந்தவர்கள் சிரித்தார்கள்.

"அது போட்டோவுக்கு மாமா. நமக்கில்ல" என்றான் மைத்துனன்.

மனைவியின் தம்பி அவன். வெளிச்சுவர்ப் பூச்சில் கெட்டிக்காரன் என்று பெயர். அவன் சொல்லித்தான் இவரை இங்கே சேர்த்துக்கொண்டார்கள். நாற்பத்து நான்கு வயதில் சாந்துச் சட்டி தூக்க வந்த ஆளை வேறு யார் சேர்ப்பார்கள்? இருபத்திரண்டு வருடம் ஒரு ஸ்டூடியோவில் நின்று, மற்றவர்களை நிமிரச் சொல்லியே காலம் ஓட்டியவர். கையில் கேமரா இல்லாத மனுஷனே உலகத்தில் இல்லை என்று ஆன பிறகு கடை மூடியது. ஒருநாள் மாலை மங்கியதும் மனைவி விளக்கைப் போட்டுவிட்டு, "தம்பிகிட்ட கேட்டிருக்கேன்" என்று மட்டும் சொன்னாள். சைட்டில் இரண்டாம் நாளே 'ஸ்டூடியோ' என்று பெயர் வைத்துவிட்டார்கள். அவருக்கு அது ஒருவிதத்தில் பிடித்தும் இருந்தது.

முதல் இரண்டு நாள் நான்காம் மாடி உயரத்துக்குச் சட்டி சுமந்தார். சாரத்தில் நடக்க இரண்டு பலகை. இரண்டுக்கும் நடுவில் ஒரு சாண் இடைவெளி, அந்த இடைவெளியில் கீழே நிற்கும் கலவை இயந்திரம் தீப்பெட்டி அளவில் தெரியும். பலகை ஒவ்வொரு அடிக்கும் ஒரு முனகல் முனகும். சட்டியை இரு கையாலும் பிடித்தால் குழாயைப் பிடிக்க முடியாது, குழாயைப் பிடித்தால் சட்டி சாயும். அவர் குழாயைத்தான் பிடித்தார். சாந்து தோளெல்லாம் வழிந்தது. உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு என்று வாய் வார்த்தையாக எத்தனையோ முறை சொல்லியிருக்கிறார், அது இவ்வளவு வழுக்கும் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. மைத்துனனோ ஒற்றைக் காலைப் பலகையிலும் மற்றதை ஜன்னல் விளிம்பிலும் வைத்துக்கொண்டு, வீட்டுக் கூடத்தில் நிற்பவன் மாதிரி சுவரைத் தேய்த்துக்கொண்டிருந்தான். "கீழ பாக்காதீங்க மாமா. செவுத்தப் பாருங்க. செவுரு எங்கயும் போகாது." ராத்திரி வீட்டில் மனைவி வேலை எப்படி என்று கேட்டாள். பரவாயில்லை என்றார். கால் மட்டும் படுக்கையிலும் நடுங்கியது.

மூன்றாம் நாள் காலை தலைமை அலுவலகத்திலிருந்து சூப்பர்வைசருக்குத் திட்டு விழுந்தது. மூன்று படத்திலும் ஒரே தண்ணீர்த் தொட்டி, மூன்றிலும் ஒரு பெல்ட்டின் தோள்வாரில் ஒரே இடத்தில் வெள்ளைப் பெயின்ட் கறை. பார்க்கிறவன் முட்டாளா என்று கேட்டிருக்கிறார்கள். பெல்ட் வாங்கிக் கொடுக்கிறோம் என்று சொல்லவில்லை. ஒழுங்காகப் படம் எடு என்றார்கள். சூப்பர்வைசர் கெட்டவர் என்று சொல்ல முடியாது. காய்ச்சல் என்றால் மாத்திரை கொடுப்பார், மழை வந்தால் முதல் ஆளாக இறங்கச் சொல்வார். ஆனால் பெல்ட்டைப் பற்றிக் கேட்டால் மட்டும் முகம் சுருங்கும். "ஒவ்வொரு அடிக்கும் கொக்கிய மாட்டி மாட்டிக் கழட்டினா ஒரு செவுரு முடிய ஒரு மாசம் ஆகும்யா. என்னை வீட்டுக்கு அனுப்பிருவாங்க" என்பார். அன்று போனை நீட்டிக்கொண்டு அவர் தடுமாறியபோது, ஸ்டூடியோக்காரரின் பழைய வாய் சும்மா இருக்கவில்லை.

"வெளிச்சத்துக்கு எதிர்ல எடுக்கறீங்க சார். மூஞ்சி கறுப்பா விழும். நீங்க இந்தப் பக்கம் வாங்க."

அவ்வளவுதான். போன் அவர் கைக்கு வந்தது. ஒரு குழுவைக் கம்பிக் கட்டுகளுக்கு முன்னால் நிறுத்தினார், அடுத்ததைச் செங்கல் அடுக்குக்குப் பக்கத்தில், மூன்றாவதைச் சாரத்துக்குக் கீழே. மாறுகண் உள்ளவரைப் பக்கவாட்டில் திருப்பி, தழும்பை நிழலில் தள்ளி, இருபத்திரண்டு வருடம் குறைகளை மறைத்தே சாப்பிட்டவர். ஒரு பெயின்ட் கறை எந்த மூலைக்கு? கறைப் பெல்ட் போட்டவரைத் தோளைச் சற்றுத் திருப்பச் சொன்னார், கறை ஒளிந்துகொண்டது. கொக்கிகள் எதிலும் மாட்டப்படாமல் தொங்குவது தெரியாதபடி படத்தை இடுப்போடு வெட்டினார். "எல்லாரும் இங்க பாருங்க" என்று அந்தப் பழைய குரல் அவர் தொண்டையிலிருந்து வந்தபோது அவருக்கே மயிர்க்கூச்செறிந்தது.

அன்றுமுதல் அவருக்குத் தரைவேலை. காலையில் படம், பிறகு மணல் சலிப்பது, மூட்டை எண்ணுவது. விரிசல் விடாத ஒரு ஹெல்மெட்டும் கிடைத்தது. கால் நடுக்கம் நின்றது. வெட்கத்தை விட்டுச் சொல்வதானால், அவர் சந்தோஷமாக இருந்தார். தன்னை மறுபடியும் ஒருவர் படம் எடுக்கக் கூப்பிட்டார் என்பதே போதுமாக இருந்தது. எதைப் படம் எடுக்கிறோம் என்று மனசு கேட்கும்போதெல்லாம், நான் வருவதற்கு முன்னாலும் இதுதானே நடந்தது என்று அதன் வாயை அடைத்தார். மைத்துனன் கிண்டல் செய்தான். "என் கல்யாணத்துல கண்ண மூடின படமா எடுத்துத் தள்ளினீங்க. இங்க மட்டும் ராஜா மாதிரி எடுக்கறீங்களே மாமா."

பத்தாம் நாளோ பதினோராம் நாளோ, விடிகாலையில் தூறல் போட்டு விட்டிருந்தது. இரண்டாவது குழுவின் படம் முடிந்தது. அன்று கறைப் பெல்ட் மைத்துனன் இடுப்பில் இருந்தது. பச்சைச் சட்டை, சிரித்த முகம், நல்ல படம். எல்லோரும் கழற்ற, அவன் மட்டும் கழற்றாமல் கிட்டே வந்தான்.

"மாமா, பலகையெல்லாம் ஈரமா இருக்கு. இன்னிக்கு மட்டும் இதோட மேல போயிடட்டுமா?"

அவன் அப்படிக் கேட்டு யாரும் பார்த்ததில்லை. கேட்டதில் கிண்டல் இல்லை. ஸ்டூடியோக்காரர் மணியைப் பார்த்தார், எட்டு பதினெட்டு. மூன்றாவது குழுவில் எட்டுப் பேர் மாட்டிக்கொண்டு நிற்கிறார்கள், ஒருவர் வெறும் இடுப்போடு. படம் குறையாகிவிடும் என்றுதான் அவருக்குத் தோன்றியது. வேறு எதுவும் தோன்றவில்லை.

"ஒரே ஒரு படம் மாப்ள. எடுத்ததும் வாங்கித் தரேன்" என்றார். சொல்லிக்கொண்டே, நேரத்தை மிச்சம் பிடிக்க, அவன் இடுப்பில் இருந்த பெல்ட்டின் வாரைத் தன் கையாலேயே அவிழ்த்தார். அவன் குழந்தை மாதிரி கைகளைத் தூக்கிக் காட்டினான், பிறகு சட்டியை எடுக்கப் போனான்.

மூன்றாவது படம் எட்டு இருபத்தொன்றுக்கு எடுத்தார். சூப்பர்வைசர் பார்த்துவிட்டு, "ஸ்டூடியோ, நீ வந்தப்புறம்தான்யா எனக்கு நிம்மதி" என்று தோளில் தட்டினார். அந்த நேரத்தில் போய்ப் பெல்ட் கேட்பதா என்று ஸ்டூடியோக்காரர் வாயை மூடிக்கொண்டார். பெட்டி பூட்டப்பட்டது. மணல் லாரி வந்தது. பத்து மணிக்கு டீ குடிக்கும்போது ஞாபகம் வந்தது. சூப்பர்வைசர் எதிரிலேயே உட்கார்ந்திருந்தார், சாவி பாக்கெட்டில் புடைத்துக்கொண்டு தெரிந்தது. வெயில் வந்துவிட்டது, பலகை காய்ந்திருக்கும் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு தம்ளரை வைத்தார். பதினொன்றரைக்கு மேலேயிருந்து முதலில் ஒரு சட்டி விழுந்தது.

ஆள் பிழைத்துவிட்டான். மூன்றாம் மாடியின் சாரக் குழாயில் பட்டு, மணல் குவியலின் ஓரத்தில் விழுந்ததால் உயிர் தங்கியது. இடுப்புக்குக் கீழே உணர்ச்சி இல்லை. வருமா என்று கேட்டால் டாக்டர்கள் பார்க்கலாம் என்கிறார்கள். ஒருமுறை கண் விழித்து, "மாமா, என் கால் மேல யாரோ உக்காந்திருக்காங்களா?" என்று கேட்டான். ஸ்டூடியோக்காரர் போர்வையை அவன் கால்வரை இழுத்துவிட்டார். அவர் மனைவி வார்டுக்கு வெளியே பெஞ்சில் உட்கார்ந்து, மூன்று நாளாக அழுது முடித்து, இப்போது வெறுமனே சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தாள். ஏன் நீங்கள் கீழே இருந்தீர்கள், அவன் மேலே இருந்தான் என்று ஒரு தடவைகூட அவள் கேட்கவில்லை. கேட்டிருந்தால் தேவலை.

நான்காம் நாள் மத்தியானம் சூப்பர்வைசரும், தலைமை அலுவலகத்திலிருந்து இஸ்திரி கலையாத சட்டையில் ஒரு அதிகாரியும் வந்தார்கள். அதிகாரி மரியாதையாகத்தான் பேசினார். ஒரு தாளை எடுத்துப் பெஞ்சில் வைத்தார். அதன் மேல் இரண்டாவது குழுவின் படத்தை வைத்தார். பெரிதாக அச்சுப் போட்டிருந்தார்கள். நல்ல வெளிச்சம். நடுவில் மைத்துனன், மார்பில் பெல்ட்டின் வார், சிரிப்பு.

"கம்பெனி பெல்ட் குடுத்திருக்கு. அவரும் போட்டிருக்காரு. மேல போய் அவராவே கழட்டியிருக்காரு. அதனால சட்டப்படி எங்க மேல பொறுப்பு வராது. ஆனாலும் மனிதாபிமானத்துல ஏதாவது செய்யறோம். நீங்க ஒண்ணும் புதுசா சொல்ல வேணாம். இந்தப் படம் அன்னிக்குக் காலைல சைட்ல நான் எடுத்ததுன்னு ஒரு கையெழுத்து. அவ்வளவுதான்."

ஸ்டூடியோக்காரர் தாளைப் படித்தார். நான்கே வரி. படத்தை நான் எடுத்தேன். இந்தத் தேதியில் எடுத்தேன். படத்தில் இருப்பவர் இன்னார். அவர் பெல்ட் அணிந்திருந்தார். ஒரு பொய்கூட இல்லை. ஒரு பொய்யாவது இருந்தால் அதைப் பிடித்துக்கொண்டு தொங்கலாம் என்று இன்னொரு முறை படித்தார். இல்லை. சூப்பர்வைசர் ஜன்னல் பக்கம் திரும்பி நின்றார்.

மனைவி படத்தைக் கையில் எடுத்தாள். தம்பியின் முகத்தை விரலால் தொட்டாள். "இதப் போட்டிருந்திருக்கானே" என்றாள் மெதுவாக. "அப்புறம் ஏங்க கழட்டினான்? நான் திட்டித் திட்டிச் சொல்லுவேனே, பாத்து வேலை செய்டான்னு. திமிரு. மேல போனா அவனுக்குத் திமிரு." தம்பியின் மேல் அவளுக்குக் கோபம் வருவதை ஸ்டூடியோக்காரர் முதல்முறையாகப் பார்த்தார். அடிபட்டுக் கிடக்கிறவன் மேல். மறுபடி கண் திறக்காமல் உள்ளே கிடக்கிறவன் மேல். அதைத்தான் அவரால் தாங்க முடியவில்லை.

"அவன் கழட்டல" என்றார். "நான்தான் கழட்டினேன்."

அவள் நிமிர்ந்து பார்த்தாள்.

"மேல போகும்போதே அவன் இடுப்புல இல்ல. ஈரமா இருக்கு, வேணும்னு என்கிட்ட கேட்டான். அடுத்த படத்துக்கு ஒரு பெல்ட்டு குறைஞ்சுதுன்னு நான் கழட்டினேன்." பிறகு அதிகாரியிடம், "சார், எட்டு இருபத்தொண்ணுக்கு ஒரு படம் வந்திருக்கும். மூணாவது. அதக் காட்டுங்க" என்றார்.

"அது எதுக்கு இப்ப?" என்று சூப்பர்வைசர் அவசரமாகத் திரும்பினார். "ஸ்டூடியோ, யோசிச்சுப் பேசு. நாளைக்கு உனக்கும் வேலை வேணும்."

அதிகாரிக்கு என்ன ஏது என்று புரியவில்லை; புரியாததனாலேயே போனை எடுத்துத் தேடித் திறந்து நீட்டினார். ஸ்டூடியோக்காரர் இரண்டு விரலால் படத்தை விரித்தார். மைத்துனனின் பெல்ட் வேறொருவர் இடுப்பில் இருப்பதைக் கறையை வைத்துக் காட்டிவிடலாம் என்பதுதான் எண்ணம். ஒன்பது பேர், ஒன்பது பெல்ட். கறை எங்கே? அவர்தான் தோளைத் திருப்பி மறைத்துவிட்டாரே. தன் கைத்திறனை நொந்துகொண்டு படத்தை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் நகர்த்தினார். இடது மேல் மூலையில் விரல் நின்றது.

ஸ்டூடியோவில் பொத்தானை அழுத்துமுன் நான்கு மூலையையும் பார்த்துவிடுவது அவர் வழக்கம். அன்றைக்குப் பெல்ட்டுகளை மட்டும் பார்த்திருக்கிறார்.

"இது அவன் சட்டை" என்றாள் மனைவி, அவர் தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்து.

குழுவுக்குப் பின்னால், சாரத்தின் இரண்டாம் அடுக்கில், பச்சைச் சட்டையில் ஒருவன் ஏறிக்கொண்டிருந்தான். ஒரு கையில் சட்டி, மறு கையில் ஈரக் குழாய். சட்டைக்கு மேல் வாரும் இல்லை, பெல்ட்டும் இல்லை. அதிகாரி குனிந்தார், சூப்பர்வைசர் குனியவில்லை. ஸ்டூடியோக்காரர் இன்னும் விரித்தார். படம் கட்டம் கட்டமாக உடைந்தது. கண்ணோ வாயோ தெரியவில்லை, ஆனால் முகம் கேமராவைப் பார்த்திருந்தது. எல்லாரும் இங்க பாருங்க என்று இவர் கீழேயிருந்து குரல் கொடுத்தபோது, ஏறிக்கொண்டிருந்தவனும் நின்று திரும்பிப் பார்த்திருக்கிறான்.