ஜோவிதாவின் துண்டு

ஒன்பது மணிக்குத் திறக்கப்படும் என்று பலகையில் எழுதியிருந்தது. பத்தேகாலுக்குக் காப்பாளர் பாலசுப்பிரமணியம் வந்து முதலில் பலகையைத் துடைத்தார், பிறகு கதவைத் திறந்தார். கோயம்புத்தூரிலிருந்து வந்து ஆறு மாதம்தான் ஆகிறது. இரண்டு ஸ்வெட்டர் போட்டுக்கொண்டு, மூன்றாவதை நாற்காலியில் மாட்டி வைத்திருப்பார்.

ஜோவிதா எட்டு மணியிலிருந்தே படியில் நின்றிருந்தாள். தேயிலைக் கொழுந்தெடுக்கும்போது இடுப்பில் சுற்றும் சாக்குப்படுதாவை மடித்துப் பையில் வைத்திருந்தாள். மதியத்துக்குள் திரும்பிவிட்டால் அரைப்பேராவது, அரை நாள் கூலியாவது விழும் என்று தோட்டத்துக் கணக்குப்பிள்ளை சொல்லியிருந்தார். புருஷன் சில்வஸ்டர் உள்ளே போன வேகத்தில் கண்ணாடிப் பெட்டிகளைச் சுற்றி வர ஆரம்பித்தான்.

குன்னூரில் ஓர் அறக்கட்டளை நடத்தும் ஆவணக் காப்பகம் அது. அறை முழுக்கக் கட்சிக்கொடி, சட்டையில் குத்தும் தகர வில்லை, காகிதத் தொப்பி, பழைய ஒலிபெருக்கிக் குழாய். சுவரில், சிலோனிலிருந்து வந்த தோட்டத்து ஜனங்கள் ஓட்டுரிமை கேட்டு ஊர்வலம் போன படங்கள். எல்லோரும் மழையில் நனைந்திருந்தார்கள். படம் நனையாமல் சட்டம் போட்டிருந்தது.

"ஏனுங்க, என்னங்க வேணும்?"

"என் துண்டு வேணுங்க ஐயா. மூணு மாசத்துக்கு முந்தி ஜீப்புல வந்து வாங்கிட்டுப் போனீங்க. படம் பிடிச்சிட்டு தர்றோம்னு."

பாலசுப்பிரமணியம் பதிவேட்டைப் புரட்டினார். "இருக்குதுங்க. பொருள், துண்டு. எண்ணிக்கை, ஒண்ணு. கொடுத்தவர், ஜோவிதா, தேயிலைத் தொழிலாளி." உள்ளே போனவர் வெள்ளைக் கையுறையோடு வந்தார். இரண்டு கையிலும் ஏந்தி, பச்சைக் குழந்தையைக் கொடுப்பதுபோல மேசைமேல் வைத்தார். கட்சிக்கரை போட்ட தோள் துண்டு. ஓரத்தில் வெற்றிலைக் கறை.

ஜோவிதா அதைத் தொடவில்லை. "இது இல்லீங்க. என் துண்டு."

"இதானுங்க உங்க துண்டு."

"கடுதாசித் துண்டுங்க."

"கடுதாசில துண்டுங்களா?" கையுறையைக் கழற்றிவிட்டு மறுபடி படித்தார். "துண்டுன்னுதானுங்க போட்டிருக்குது."

சில்வஸ்டர் ஒலிபெருக்கிக் குழாயடியிலிருந்து குரல் கொடுத்தான். "சிலோன்ல துண்டுன்னா சீட்டுங்க. டாக்டர் குடுக்கிறது மருந்துத் துண்டு. இவ அப்பன் கப்பலேறி வந்த சீட்டு, அது குடும்பத் துண்டு."

"அப்ப தோள்ல போடறத என்னன்னு சொல்லுவீங்க?"

"இங்க வந்தப்புறம் அதையும் துண்டுன்னுதான் சொல்றோம்."

பாலசுப்பிரமணியம் மூன்றாவது ஸ்வெட்டரை எடுத்துப் போட்டுக்கொண்டார்.

விஷயம் இதுதான். பழைய வாக்காளர் பட்டியலில் அவள் பெயர் 'ஜோதி, ஆண்' என்று அச்சாகியிருந்தது. இருபது வருஷமாக அந்த ஆணாகவே போய் ஓட்டுப் போட்டாள், யாரும் கேட்கவில்லை. இப்போது பட்டியலைத் திருத்துகிறார்கள். பூத் அலுவலர் தோட்டத்து லயத்து வீட்டுக்கு வந்து, "அது ஆம்பளை, நீங்க பொம்பளை. நீங்க வேற ஆளு" என்றார். ஆறு வயதில் சிலோனிலிருந்து வந்தபோது கொடுத்த சீட்டில் அப்பன் பெயருக்குக் கீழே ஜோவிதா, மகள் என்று எழுதியிருக்கிறது. அசலைக் கொண்டுவந்தால் போதும் என்றார். கடைசி நாள் நாளைக்கு.

உள்ளறையிலிருந்து ஸ்ரீமதி வந்தாள். பொருட்களுக்கு எண் போட்டுப் பட்டியலெழுதுகிறவள். "உக்காருங்க்கா" என்று நாற்காலியை இழுத்துப் போட்டு, பதிவேட்டில் விரலை வைத்து மேலும் கீழும் ஓட்டினாள். அதே பக்கத்தில் இன்னொரு துண்டு இருந்தது. கொடுத்தவர் லிங்கசாமி.

"பக்கத்து லயத்துக்காரரு. அவரு துண்டு குடுத்தாரு, நானும் துண்டு குடுத்தேன்" என்றாள் ஜோவிதா.

ஸ்ரீமதிக்கு முகம் மாறியது. மூவரையும் மூலையிலிருந்த பெட்டிக்குக் கூட்டிப்போனாள். கண்ணாடிக்குள் பழுப்பேறிய தாள். இடது மூலையில் அப்பன், அம்மா, குழந்தை, மூன்று பேர் மூச்சடக்கிப் பார்க்கும் போட்டோ. கீழே அச்சடித்த அட்டை: 'தேர்தல் துண்டுப் பிரசுரம். வேட்பாளர் குடும்பத்தினருடன். கொடை: லிங்கசாமி.'

"உங்கப்பன் எலக்சன்ல நின்னுருக்காரு, எனக்குச் சொல்லவே இல்லையே" என்றான் சில்வஸ்டர்.

"வாய மூடுங்க." ஜோவிதா கண்ணாடியில் நெற்றியை ஒட்டிப் பார்த்தாள். "அந்தக் கொழந்த நான்தான்மா. எடுத்துக் குடுங்க, நான் பஸ்ஸப் புடிக்கணும்."

ஸ்ரீமதி அறக்கட்டளைச் செயலாளருக்குப் போன் போட்டாள். அந்தப் பக்கத்துக் குரல் அறைக்கே கேட்டது. எண் போட்ட பொருளைக் கொடுத்தவர் கையெழுத்து இல்லாமல் வெளியே விடக் கூடாது.

"கொடுத்தவர் லிங்கசாமின்னு தப்பா ஏறியிருக்குங்க சார்."

தப்பு என்று லிங்கசாமியே எழுதிக் கொடுக்கட்டும்.

"அவரு போன மாசம் செத்துட்டாருங்க" என்றாள் ஜோவிதா.

ஸ்ரீமதி அதைச் சொன்னாள். குரல் கொஞ்ச நேரம் அனுதாபப்பட்டது. பிறகு வாரிசுச் சான்று கேட்டது.

"அவருக்கு ஒரே மகன். திருப்பூர்ல பனியன் கம்பெனி. எந்தக் கம்பெனின்னு செத்தவருக்குத்தாங்க தெரியும்" என்றாள் ஜோவிதா.

இதற்கிடையில் பாலசுப்பிரமணியம் தோள் துண்டை மடித்துக் காகிதத்தில் சுற்றிவிட்டார். "இது உங்க பேர்ல இருக்குதுங்க. ஒரு கையெழுத்துப் போட்டா இப்பவே எடுத்துட்டுப் போலாம்."

"இதக் காட்டுனா என்னய ஓட்டுப் போட விடுவாங்களா ஐயா?"

அவர் உண்மையாகவே யோசித்தார். "கட்சியப் பொறுத்ததுங்க."

சில்வஸ்டர் பேச்சை மாற்ற நினைத்தான்போல. ஒலிபெருக்கிக் குழாயைத் தட்டினான். "எழுபத்தொம்பதுல ஓட்டுரிமைக் கூட்டத்துல இந்தக் குழாய்லதான் நான் பேசுனேன். எதிர் மலையில படுத்திருந்த சிறுத்தை பாதிப் பேச்சுல எந்திரிச்சு கேரளாவுக்குப் போயிருச்சு."

பாலசுப்பிரமணியம் பேனாவைத் திறந்தார். "வருசம் சொன்னீங்களே, ஒரு தடவ திருப்பிச் சொல்லுங்க." எழுதி, தேதி போட்டு, சாட்சி: சில்வஸ்டர் என்று முடித்தார். எந்தச் சான்றும் கேட்கவில்லை.

ஸ்ரீமதி பெட்டியைத் திறந்து தாளை நகலெடுத்து வந்தாள். நகலின் நெற்றியில் காப்பகத்தின் பெரிய முத்திரை விழுந்திருந்தது. குழந்தையின் முகம் அதற்குள் போயிருந்தது. "இத வெச்சுப் பேசிப் பாருங்க்கா. தலைப்ப நான் மாத்திடறேன். ஆனா அதுக்கும் சார் கையெழுத்து வேணும். இருபதாந்தேதிதான் வருவாரு."

ஜோவிதா நகலை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தாள். "அசல் கேட்டாங்க" என்றாள். யாரிடம் என்று தெரியவில்லை.

அப்போது ஜெகதளாப் பக்கமிருந்து ஒரு வேன் நிறையப் பள்ளிக்கூடப் பிள்ளைகள் வந்து இறங்கினார்கள். வாசலருகே பழைய இரும்பு ஓட்டுப்பெட்டி ஒன்று வைத்திருந்தார்கள். பார்க்க வருகிறவர்கள் அந்தக் காலத்தில் எப்படி ஓட்டுப் போட்டார்கள் என்று தெரிந்துகொள்ள, அவரவர் ஒரு சீட்டு வாங்கிப் பெட்டியில் போடலாம். சீட்டில் இரண்டு சின்னம்: டீக்கோப்பை, காப்பித் தம்ளர். பிள்ளைகள் வரிசையில் நின்றதும் வெளியே போகிற வழி அடைந்துவிட்டது. ஜோவிதா வரிசைக்குள் மாட்டிக்கொண்டாள். வரிசை நகர அவளும் நகர்ந்தாள்.

சீட்டுக் கொடுக்கும் பெண் தலை நிமிரவில்லை. "பேரு?"

"ஜோவிதா."

எழுதிக்கொண்டாள். வேறொன்றும் கேட்கவில்லை. ஜோவிதா மறைப்புக்குப் பின்னால் போய் வெகுநேரம் நின்றாள். பின்னாலிருந்த பிள்ளைகள், "சீக்கிரம் போடுங்க ஆன்ட்டி, வேன் போயிரும்" என்று கத்தினார்கள். வெளியே வந்து சீட்டை நான்காக மடித்து, பெட்டியின் வாய்க்குள் விட்டு, விழுந்த சத்தம் கேட்கிறதா என்று காதை வைத்தாள். அந்தப் பெண் அவள் இடது கையை இழுத்து, ஆள்காட்டி விரலில் ஊதா மையால் ஒரு கோடு இழுத்தாள்.

"ஆச்சுங்க. அடுத்த ஆளு வாங்க."

குன்னூர் பஸ் நிலையம் வரைக்கும் அவள் அந்த விரலைத் தனியாக நீட்டிப் பிடித்தபடி நடந்தாள். சேலையில் படாமல், மழைத்தூறல் விழாமல், மற்றக் கையைக் குடையாகக் கவிழ்த்துக்கொண்டு.