பரனூர் என்றொரு சர்வர்

2024 ஜூன் 10, திங்கட்கிழமை. சிங்கப்பெருமாள் கோவிலை அடுத்த பிரேக் உதிரிபாகத் தொழிற்சாலை ஒன்றிலிருந்து ஓசூரிலுள்ள வாடிக்கையாளர் கம்பெனிக்கு அனுப்பிய மெயில் ஒன்றும் போய்ச் சேரவில்லை.

சர்வரின் லினக்ஸைச் சனி, ஞாயிறில் புதுப்பித்தவள் தீபலட்சுமி. ஆகவே பழியும் அவள்மேல்தான். மாலைக்குள் பரிசோதனை அறிக்கை போனால்தான் இரவு லாரி கிளம்பலாம். கம்பெனி முகவரியிலிருந்து வராத அறிக்கையை ஓசூர்க்காரர்கள் ஏற்கமாட்டார்கள்.

மேலாளர் பக்தவச்சலம் மறுபடி எட்டிப் பார்த்தார். "ஏம்மா, நல்லா ஓடிக்கிட்டிருந்ததை யாரு நோண்டச் சொன்னா?"

"பழைய லினக்ஸுக்கு இனிமே செக்யூரிட்டி அப்டேட் வராது சார்."

"இப்ப மெயிலே வரலியே!"

"வருது சார். போகத்தான் மாட்டேங்குது."

அவர் தலையில் கை வைத்துக்கொண்டு போனார். ஃபயர்வாலைப் பார்த்தாயிற்று, சர்வரின் பாதுகாப்புச் சான்றிதழைப் புதுப்பித்தாயிற்று. ஓசூர் சர்வர் 'பிறகு வா' என்பதையே திரும்பத் திரும்பச் சொன்னது. வேறு வழியின்றி டேனியலை அழைத்தாள். அந்தச் சர்வரை முதலில் நிறுவியவன் அவன். இப்போது பெங்களூரில் வேலை.

"இன்னா தீபா, அதிசயமா கீது! நம்ம பரனூரு எப்படி கீறான்?"

அவளுக்குச் சட்டென்று அந்தக் காலை ரயில் நினைவுக்கு வந்தது. அவளும் டேனியலும் ஆபீஸ் நண்பர்கள் இருவருமாக நான்கு பேர் தாம்பரத்தில் ஒரே பெட்டியில் ஏறுவார்கள். மாடம்பாக்கத்திலிருந்து பைக்கில் பறந்து வரும் டேனியல், வண்டி நகர்ந்த பிறகுதான் தொற்றுவான். ஆபீஸுக்கு வரும் ஒவ்வொரு இயந்திரத்துக்கும் வழியிலுள்ள ஸ்டேஷன் பெயரை வைத்தார்கள். காகிதத்தைக் கடித்துத் துப்பும் பிரிண்டர் வண்டலூர். எப்போதும் நெரிசலில் திணறும் பழைய கம்ப்யூட்டர் பெருங்களத்தூர். மெயில் சர்வர் வந்திறங்கிய நாளில் டேனியல் தூங்கிப்போய் ஒரு ஸ்டேஷன் தள்ளிப் பரனூரில் இறங்கினான். பெட்டி பிரிக்க ஆளில்லாமல் எல்லோரும் காத்திருந்தார்கள். அப்படித்தான் அது பரனூர் ஆயிற்று. மற்ற மூவரும் ஒவ்வொருவராக வேலையை விட்டுப் போனார்கள்.

"இப்ப அது பரனூர் இல்ல, டேனி. எல்லா மெஷினுக்கும் ஒரே மாதிரி பேர் வைக்கணும்னு ஹெட் ஆபீஸ்ல சொன்னாங்க. அப்டேட்டோட சேர்த்து மாத்திட்டேன். சிங்கப்பெருமாள் கோவில்ங்கிறதைச் சுருக்கி, இப்ப அதுக்குப் பேரு எஸ்பிகே மெயில் ஒண்ணு."

"ஜெயில் நம்பர் மாதிரி கீது. சரி, ஓசூர் கதவைத் தட்டி இன்னா பேரு சொல்லுது அது?"

"புதுப் பேர்தான்..." அவள் நிறுத்தினாள். மற்ற சர்வர்கள் சரிபார்க்கும் இணையப் பெயர்ப் பதிவில் அந்தச் சர்வரின் பெயர் இன்னும் பரனூர்தான். புதுப் பெயர் அங்கே இல்லாததால்தான் ஓசூர் சர்வர் அதை நம்பாமல் திருப்பி அனுப்புகிறது.

"நான் இறங்கின ஸ்டேஷன் பேரை எடுத்தா சும்மா வுடுமா?" என்று சிரித்தான் டேனியல்.

அவள் பழைய பெயரைத் திரும்ப எழுதி, தேங்கியிருந்த மெயில்களைத் தள்ளிவிட்டாள். வரிசை மளமளவென்று காலியானது. அறிக்கை கிடைத்ததாக ஓசூரிலிருந்து பதில் வந்தது.

பக்தவச்சலத்துக்கு உயிர் வந்தது. "ஆனா புதுப் பேரு வேணும்னு ஹெட் ஆபீஸ்ல கேப்பாங்களே?"

"பதிவை மாத்தச் சொல்லி நெட் கம்பெனிக்கு எழுதணும் சார். ஒரு வாரம் ஆகும்."

"எழுதிடும்மா."

எழுதினாள். அன்றிரவு லாரி கிளம்பியது. அடுத்த வாரம் பதிவு மாறியது. சர்வரின் பெயரும் மாறியது. மெயில்கள் தடையின்றிப் போகின்றன.