பதினோரு முள்

முத்துக்குமரன் சைக்கிள் பம்ப்பின் கைப்பிடியை விட்டுவிட்டுத் தரையில் உட்கார்ந்தான். முந்நூறு அடியாவது அடித்திருப்பான். அடித்த காற்றெல்லாம் டயருக்கும் ரிம்முக்கும் நடுவே புஸ்ஸென்று வெளியே போய்க்கொண்டிருந்தது. தனியார் ஆஸ்பத்திரியில் இன்சூரன்ஸ் கவுன்ட்டரில் உட்கார்ந்து நாள் முழுக்க ஏச்சு வாங்குகிறவன், கெஞ்சிக் கூத்தாடி வாங்கிய சனிக்கிழமை லீவு இப்படிப் போனது.

மறுநாள் காலை, சமயநல்லூர்ப் பக்கம் வற்றிய கண்மாய்க்குள் சைக்ளோகிராஸ் போட்டி. ரேஸ் சைக்கிள் மாதிரி வளைந்த ஹேண்டில், கட்டை கட்டையாகப் புடைத்த டயர். அதை மண்ணிலும் புதரிலும் மிதிக்க வேண்டும், கரை வந்தால் தோளில் தூக்கிக்கொண்டு ஓட வேண்டும். முப்பத்தெட்டு வயதில் இதற்கு ஆசைப்படுகிறவனை என்னவென்று சொல்வது. ஆசைப்பட்டுவிட்டான்.

சீமைக்கருவேல முள்ளுக்கு ட்யூப் எம்மாத்திரம்? போன மாதம் நிலையூர்க் கண்மாய்க் கரையில் ட்யூப் பஞ்சராகி, மாற்று ட்யூபும் பஞ்சராகி, திருநகர் வீட்டுக்குப் போன் போட்டான். அடுப்பை அணைத்துவிட்டு ஸ்கூட்டரில் வந்த மனைவி சத்யப்ரியா, உச்சி வெயிலில் தலைசுற்றி அந்தக் கரையிலேயே உட்கார்ந்துவிட்டாள். அந்த வருஷத்தில் அவள் இப்படி அழைத்துப்போக வந்தது அது ஏழாவது தடவை.

"இன்னொருக்கா பஞ்சராச்சுன்னா சைக்கிளை வித்துடுறேன் ப்ரியா" என்று அவனாகத்தான் சொன்னான். வேண்டாம் என்று அவள் சொல்லவில்லை. அதுதான் இன்றுவரை உறுத்திக்கொண்டிருந்தது.

அதனால்தான் இந்த ட்யூப்லெஸ் பாடு. உள்ளே ட்யூபே கிடையாது. ஊற்றி வைக்கிற பால் மாதிரியான திரவம், ஓட்டை விழுந்த இடத்தில் உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆனால் முதலில் டயர் ரிம்மைக் கவ்வி உட்கார வேண்டுமே. அதற்கு ஒரே மூச்சில் காற்று வேண்டும். சக்கரங்களை ஸ்கூட்டரில் கட்டிக்கொண்டு, திருமங்கலம் ரோட்டில் லாரிக்குப் பஞ்சர் போடும் மலையாண்டியிடம் போனான்.

"பைக்கு டயர்னா கெட்டியா இருக்கும், உக்காந்துரும். இது அப்பளமாட்டம்ல இருக்கு" என்றார் மலையாண்டி.

"கம்ப்ரஸர் காத்து ஒருக்கா குடுத்துப் பாப்பம்ணே."

வால்வுக்குள் இருக்கும் ஊசியைக் கழற்றி, லாரிக் காற்றுக்குழாய் பொருந்தப் பித்தளை அடாப்டரை மாட்டி, டயர் ஓரமெல்லாம் சோப்புத் தண்ணீர் தடவினான். மூன்று தடவை வீண். நாலாவதில் டப், டப் என்று இரண்டு சத்தம், டயர் உட்கார்ந்துவிட்டது. இனி காற்று இறங்கினாலும் அது அசையாது. இன்னொன்றும் படுத்தி எடுத்துவிட்டுத்தான் உட்கார்ந்தது. வால்வு வழியாகப் பாலை ஊற்றி, ஊசியைத் திருகி, காற்றடித்து முடிக்கையில் மணி ஒன்று.

வீட்டுக்கு வந்து சக்கரங்களைச் சைக்கிளில் மாட்டி, நிலையூர்க் கண்மாய்க் கரையில் வேண்டுமென்றே முள்ளில் ஓட்டிப் பார்த்தான். திரும்பி வந்து எண்ணினால் பின்டயரில் பதினோரு முள். காற்று துளியும் இறங்கவில்லை. பிடுங்கினால் வம்பு, போட்டி முடியும்வரை இருக்கட்டும் என்று விட்டுவிட்டான். சந்தோஷப்படக்கூடத் தெம்பில்லை. ஹாலில் பாயை விரித்து விழுந்தவன் அப்படியே தூங்கிப்போனான்.

எழுந்தபோது நாலரை. வராண்டாவில் சத்யப்ரியா சைக்கிளருகே உட்கார்ந்திருந்தாள். கையில் முள்வாங்கி. விரித்த செய்தித்தாளில் பதினோரு முள் வரிசையாக இருந்தன. அவள் நைட்டியெல்லாம் வெள்ளைப் புள்ளி. பின்டயர் சப்பிக் கிடந்தது.

"இம்புட்டு முள்ளோட எப்புடிங்க ஓட்டுவீங்க? அசந்து தூங்குறீங்களேன்னு நானே எடுத்தேன்." குரல் உள்ளே போயிருந்தது. "பாலாப் பீச்சுச்சு. கெடுத்துட்டேனா?"

எழுமலையில் காட்டு வேலை பார்த்து வளர்ந்தவள். முள் தைத்தால் எடுக்காமல் விட்டு அவளுக்குப் பழக்கமில்லை.

நாள் முழுக்கப் பட்ட பாட்டின் கோபத்தில் திட்ட வாயெடுத்தான். செய்தித்தாளைப் பார்த்ததும் நிறுத்திக்கொண்டான். ஒரு முள்ளுக்குக்கூட நுனி ஒடியவில்லை. விற்றுத் தொலைக்கட்டும் என்று நினைக்கிறவள் இவ்வளவு பொறுமையாக இந்த வேலையைப் பார்த்திருக்க மாட்டாள். இத்தனை நாள் அவளைத் தப்பாக நினைத்தோமே என்று அவனுக்கு வெட்கமாக இருந்தது.

"வண்டி நின்னா பால் அடியில கெடக்கும், மேல உள்ள ஓட்டைக்குப் போகாது. நீ சக்கரத்தைச் சுத்து, நான் அடிக்கிறேன்" என்றான்.

சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தினார்கள். மறுபடி அதே பம்ப். தோள் விண்விண்ணென்று தெறித்தது. ஒவ்வோர் ஓட்டையாக அவள் கீழே கொண்டுவந்து நிறுத்த, அவன் அடிக்க, பால் கொப்பளித்துக் குமிழியாகி அடங்கியது. பத்து அடங்கிவிட்டன. பதினோராவது அடம்பிடித்தது.

"ஏங்க, பஞ்சரானா வித்துடுறேன்னு சொன்னீங்கள்ல. இது அந்தக் கணக்குல வருமா?"

அவன் கை பம்ப்பில் நின்றது. சொன்ன சொல் சொன்னதுதானே.

அவள் பதினோராவது ஓட்டையைக் கட்டைவிரலால் அழுத்திப் பிடித்துக்கொண்டாள்.

"வராது. நீங்க அடிங்க" என்றாள்.