சீனம் பேசப் போய்க் கிடைத்த வேலை

ஆ கிம்மை அவள் பாஷையிலேயே ஏச வேண்டும் என்றுதான் நான் சீனம் கற்றேன். மலாயாவில் மெர்லிமாவ் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் அவளுக்கும் எனக்கும் அடுத்தடுத்த மர நிரை. பால் வெட்டிக்கொண்டே வாய்க்கு வாய் கொடுத்ததில் பாஷையும் வந்தது, சிநேகமும் வந்தது.

அவசர காலத்தில் வெள்ளைக்காரர்கள் சீனர்களை எல்லாம் முள்கம்பி போட்ட புதுக் கம்பத்தில், அதாவது புதுக் கிராமத்தில், குடிவைத்தார்கள். காட்டுக்குள் இருக்கும் கம்யூனிஸ்டுகளுக்கு அரிசி போகக் கூடாதாம். பால்வெட்டுக்குப் போகும் பெண்களைக் கேட்டில் சோதிக்கச் சீனம் தெரிந்த பெண் ஒருத்தி வேண்டுமாம். தோட்டத்தில் என்னை விட்டால் யார்? மாதச் சம்பளம், தலைக்குத் தொப்பி வேறு.

“இனிமே கொசுக்கடி இல்ல லா. ஆனா வாயப் பாத்துக்க கமலவேணி. ரெண்டு பக்கமும் துப்பாக்கி நிக்குது,” என்றார் என் வீட்டுக்காரர் தங்கையா. அந்த மனுஷன் அதைச் சொல்லாமல் இருந்திருக்கலாம். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

நான் பயந்தபடியே நடந்தது. ஒரு நாள் கேட்டில் ஆ கிம்மின் பால் வாளிக்குள் கையை விட்டேன். அடியில் ஒரு தகரத் தட்டு ஆடியது. அதன் கீழே அரிசி.

“எம் மவன் காட்டுல பட்டினி கெடக்கான். காட்டிக் குடுத்துடாத,” என்று சீனத்தில் கிசுகிசுத்தாள்.

“என்னவாம்?” என்று மலாயில் கேட்டார் கேட்டில் காவலுக்கு நின்ற கார்ப்பரல்.

சொன்னால் அவள் போவாள். மறைத்தது தெரிந்தால் நான் போவேன், கூடவே தங்கையாவும் போவார். படுபாவி, போயும் போயும் என் கையிலா வந்து மாட்ட வேண்டும்!

“வாளி நாறுதுன்னு ஏசினேன் துவான். வெக்கப்படுறா,” என்றேன். கார்ப்பரல் சிரித்துவிட்டு அவளைப் போகச் சொன்னார். ஒரு தடவைதானே, இதோடு முடிந்தது என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன். ஆ கிம்முக்கு வாய் சும்மா இருக்காது என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

மறுநாள் காலையில் கேட்டுக்குப் போனேன். சோதிப்பவர்கள் இரண்டு பேர், நானும் எனக்கு முன்பே அங்கே சேர்ந்த பெரியநாயகியும். ஆளுக்கொரு வரிசை. அவளுக்குச் சீனத்தில் ஒரு சொல்லும் தெரியாது. அன்றைக்கு அவள் முன்னால் ஈ காக்கைகூட இல்லை. கம்பத்துப் பெண்கள் அத்தனை பேரும் வாளியும் கையுமாக என் முன்னால் நின்றார்கள்.

கார்ப்பரல் காலியாகக் கிடந்த இடத்தைப் பார்த்தார். பிறகு மெல்ல நடந்து வந்து என் பக்கத்தில் நின்றுகொண்டார். முதல் ஆளாக நின்ற ஆ கிம் என்னைப் பார்த்து நன்றியோடு சிரித்தாள்.