ஆறாவது வார ஸ்கேன்

ரகுநாத் மருந்து கம்பெனிப் பிரதிநிதி. கந்தர்வக்கோட்டை வட்டாரத்துக் கிளினிக்குகளில் தோல்பையோடு காத்துக் கிடந்து, டாக்டர்களிடம் இரண்டு நிமிடம் இருமல் மருந்தைப் பற்றிச் சொல்வது அவன் வேலை. எட்டு வருடம் காத்துக் கிடந்ததில் தானும் பாதி டாக்டர் ஆகிவிட்டதாக நினைத்துக்கொண்டான். தெருவில் யாருக்குக் காய்ச்சல் என்றாலும் கேட்காமலே மருந்து சொல்வான்.

அவன் மனைவி திலகவதி கணக்கு டீச்சர். முதல் குழந்தை பெண். வயிற்றில் தலை திரும்பாமலே இருந்ததால் ஆபரேஷன் செய்து எடுத்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது டாக்டர் சீட்டில் ஒரு வரி எழுதினார்: ஆறாவது வாரம் இடுப்பு ஸ்கேன்.

"கமிஷனுக்கு எழுதுறது இதெல்லாம்," என்றான் ரகுநாத். "எத்தன டாக்டரப் பாத்திருக்கேன்."

"தலை திரும்பாத புள்ளைங்களுக்கு இடுப்பு மூட்டு வெலகியிருக்க வாய்ப்பு இருக்குன்னு சொன்னாங்களேங்க."

"காலு நல்லாத்தான ஒதைக்கிது? ஒனக்கு ஒண்ணும் தெரியாது. கால்சியம் சொட்டு தாரேன், ஊத்து."

அவன் கம்பெனி சாம்பிள் அது. ஒரு வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு மட்டும் என்று பாட்டிலில் அச்சிட்டிருந்தது. தான் விற்கிற மருந்தையே அவன் படித்ததில்லை. திலகவதி அதைத் தூக்கிக் குப்பையில் போட்டாள்.

ஆறாவது வாரம் குழந்தையோடு தனியாகப் புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினாள். ஸ்கேன் டாக்டர் ஷர்லி குழந்தையை ஒருக்களித்துப் படுக்கவைத்து, இடுப்பில் ஜெல் தடவிக் கருவியை வைத்தார். குழந்தை அழவில்லை, கையைச் சப்பிக்கொண்டிருந்தது. தொடை எலும்பின் தலை உட்காரவேண்டிய குழி, ஒரு பக்கம் மட்டும் ஆழமில்லாமல் தட்டுபோல் இருந்தது.

"நல்ல நேரத்துல வந்தீங்கம்மா," என்றார் ஷர்லி. "நடக்குற வயசுல கண்டுபிடிச்சா ஆபரேஷன் வரைக்கும் போயிரும். இப்ப பெல்ட் போட்டாலே பெரும்பாலும் சரியாயிரும்."

திரும்பி வரும்போது பஸ்ஸில் அழுகைதான் வந்தது. பாதி வழியில் அது நின்றது. ஊர் வருவதற்குள், புருஷனை மனதுக்குள் 'அவர்' என்று சொல்வதை நிறுத்தியிருந்தாள்.

எலும்பு டாக்டர் போட்டுவிட்ட பெல்ட், இரண்டு கால்களையும் தவளைபோல் அகட்டி வைத்தது. அதைப் பார்த்ததும் ரகுநாத் கேட்ட முதல் கேள்வி, "வெளிய யார்கிட்டயாவது சொன்னியா?" என்பது.

பெயர் வைக்கிற அன்று, கம்பெனி மேனேஜர் வருகிறார் என்று பட்டுச்சட்டையோடு நின்றான். "ஒரு மணி நேரம் கழட்டி வையி. போட்டோவுல அசிங்கமா இருக்கும்."

"அப்ப போட்டோவுக்கு நீங்க மட்டும் நில்லுங்க," என்றாள்.

அவள் கழற்றவில்லை. குளிப்பாட்டக்கூடக் கழற்றாமல், ஈரத்துணியால் துடைத்துத் துடைத்து வாரங்களை ஓட்டினாள். மூன்றாம் மாதம் மறுபடி ஸ்கேன் எடுத்தபோது குழி ஆழமாகியிருந்தது. பெல்ட் கழன்றது.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, ரகுநாத்தின் கூட்டாளி செம்மல் மனைவியோடு குழந்தையைப் பார்க்க வந்தான். ரகுநாத் சோபாவில் சாய்ந்துகொண்டான்.

"எர்லி டிடெக்‌ஷன் முக்கியம் செம்மல். இவளுக்கு என்ன தெரியும்? நான்தான் ஸ்கேன் எடுத்தே ஆகணும்னு ஒத்தக் கால்ல நின்னேன்."

காப்பி கொண்டுவந்த திலகவதி டம்ளர்களை வைத்துவிட்டு நிமிர்ந்தாள்.

"எந்தப் பக்கம்னு சொல்லுங்க."

"என்னது?"

"எந்தப் பக்கத்து இடுப்பு?"

ரகுநாத் செம்மலைப் பார்த்தான், குழந்தையைப் பார்த்தான். "வலது," என்றான்.

"இடது," என்று சொல்லிவிட்டு, குழந்தையைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

காப்பியில் சர்க்கரை கம்மி என்றான் ரகுநாத்.